மாத்தளைத் தோட்டங்களும் கொழுக்கிப்புழு இயக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்தே மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். எஞ்சியோர் மலையேறுமுன் வணங்கிய தெய்வமாக மாத்தளை முத்துமாரியம்மன் விளங்கினாள். தம்மை வருத்திய நோய் பற்றி அம்மக்களுக்கும் ஒரு விளக்கம் இருந்தது, முறையீடும் இருந்தது. ஆனால் அதைக் கேட்பதற்கு அம்மன் ஒருத்தியே இருந்தாள் என்பது மிகையன்று.

இன்று மருத்துவ ஆய்வொன்றைத் திட்டமிடும்போதே நோயாளரையும் பொதுமக்களையும் கலந்துகொள்ளல் வேண்டும் என்னும் கொள்கை உலகெங்கும் வலுப்பெற்று வருகின்றது. இக்கொள்கையை மனத்திற்கொண்டு இலங்கையின் மருத்துவ வரலாற்றை நோக்கும்போது, மாத்தளையிலே 1916ஆம் ஆண்டு தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நம் கவனத்தை ஈர்க்கின்றது.

கொழுக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமானது. சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழ்வது. மலத்துடன் வெளியேறும் அதன் முட்டைகள் நிழலும் ஈரமுமுள்ள மண்ணிலே பொரித்துக் குடம்பிகளாகின்றன; அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுகின்றன. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் செழித்த மாத்தளை மண்ணிலே இவற்றுக்கு வேண்டிய யாவும் இருந்தன. காலணியின்றி மலையேறிய தொழிலாளியின் காலும் இருந்தது. சோகை பிடித்து வெளிறிய அத்தொழிலாளியைச் 'சோம்பேறி' என்று துரைமார் ஏசியதும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே 1909இல் கொழுக்கிப்புழுவை எதிர்த்துப் பணி தொடங்கிய றொக்பெல்லர் நிதியினர், 1913இல் சர்வதேச சுகாதார ஆணைக்குழுவை அமைத்து அப்பணியைப் பிற நாடுகளுக்கும் விரித்தனர். கீழைத்தேயங்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் டொக்டர் விக்டர் ஹைசர். இலங்கை இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் டொக்டர் ஸ்னொட்கிராஸ். அரசாங்கத்தின் ஒத்துழைப்பும் தோட்டத்துரைமாரின் இணக்கமும் பெறப்பட்டபின்னரே பணி ஆரம்பமாயிற்று. இணக்கம் யாரிடம் பெறப்பட்டது என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. மருந்தை உண்ண வேண்டியவரிடம் அன்று. அவரது உழைப்புக்கு உரிமை பாராட்டியவரிடம்.

பணி நடந்த முறை ஒழுங்கானது என்பதை மறுப்பதற்கில்லை. லயங்களிலுள்ளோர் ஒருவர் விடாமற் பதியப்பட்டனர். மலம் பெறப்பட்டு நுணுக்குக்காட்டியால் ஆராயப்பட்டது. தொற்றுள்ளோருக்குப் பேதி உப்பும் அதன்பின் தைமோலும் கொடுக்கப்பட்டன. செனோபோடியம் எண்ணெயும் பயன்பட்டது. தைமோல் உண்பவர் எண்ணெய்ப் பண்டத்தையோ மதுவையோ தொடலாகாது, தொட்டால் நஞ்சாகும். பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை பேர், தொற்றுக் கண்டோர் எத்தனை பேர், குணமடைந்தோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டமை அக்காலத்து மருத்துவ விஞ்ஞானத்தின் சிறப்பே. ஆயின் எண்ணப்பட்டவர் எவரும் வினவப்பட்டிலர்.

வினவியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்கலாம். மாத்தளைத் தோட்டமொன்றில் வளர்ந்த என் பாட்டி, பிற்காலத்துப் 'பூச்சி மருந்து' நாட்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரட்டுக்களத்திலே பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்களாம். பாதிப்பேர் லயத்தின் பின்புறத் தேயிலைக்குள் ஒளிந்துகொள்வார்களாம். "மருந்து குடிச்சு என்ன செய்ய? விடிஞ்சா மறுபடியும் அதே தேயிலைக்குள்ளதானே போகணும்" என்பார் பாட்டி. கக்கூஸ் இல்லாத லயத்தைப் பற்றியே அவர் அப்படிச் சொன்னார். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத ஒருவர் மீள்தொற்றின் காரணத்தை இதைவிடச் சுருக்கமாக எடுத்துரைத்தல் அரிது.

இயக்கம் இடர்ப்பட்ட இடமும் அதுவே. புழு நீங்கியோர் மீண்டும் தொற்றுக்குள்ளாயினர். மலசலகூடங்கள் அமைப்பது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. அதற்குப் பணம் செலவாகும். ஒரு நாள் மருந்தூட்டலுக்கு இசைந்த துரைமார் பலர், நிலையான சுகாதார வசதிக்கு அத்துணை ஆர்வங் காட்டினாரில்லை. கட்டப்படும் கூடம் லயத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும், இரவில் பெண்கள் அங்கு செல்ல முடியுமா, தண்ணீர் எங்கிருந்து வரும், மருந்துண்ணும் நாளுக்குப் பெயர் போடுவார்களா, போடாவிடில் அன்றைய அடுப்பு எப்படி எரியும்? இவை மருத்துவரின் ஏட்டிலே இடம்பெறாத வினாக்கள்; ஆயினும் மருந்தின் பயனைத் தீர்மானித்த வினாக்கள் இவையே.

அமெரிக்கத் தென் மாநிலங்களிலே இதே நிறுவனத்தார் பணியாற்றிய முறை இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே ஊர்தோறும் கூட்டம் கூட்டிப் புழுக்களைக் காட்டி விளக்கினர். மக்கள் தாமாக வந்து மருந்து பெற்றனர். அதனையும் முழுமையான பங்கேற்பு எனல் பொருந்தாது. எனினும், வர மறுக்கும் உரிமையாவது அம்மக்களுக்கு இருந்தது. கங்காணியின் பிரட்டுப் புத்தகத்துக்குள் அடங்கிய தொழிலாளிக்கு அந்த உரிமை எத்துணை இருந்திருக்கும்?

மருந்தின் வரலாற்றிலும் இவ்வேறுபாடு தெரிகின்றது. காபன் நாற்குளோரைட்டு கொழுக்கிப்புழுவைக் கொல்லும் என 1921இல் வெளியிட்ட அமெரிக்கரான மோரிஸ் ஹோல், அதனைத் தாமே அருந்திப் பார்த்தவர். இலங்கையிலோ மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அது கொடுக்கப்பட்டு, அவர்கள் தூக்கிலிடப்பட்டபின் உடல்கள் அறுத்து ஆராயப்பட்டன. அவ்வாறான மூன்று பிரேத பரிசோதனைகள் பற்றி டொச்சேர்ட்டி, நிக்கல்ஸ் ஆகிய இருவரும் 1923இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். கழுமரத்தை எதிர்நோக்கியிருந்தவனின் சம்மதத்துக்கு என்ன பொருள் என்பது சிந்தனைக்குரியது.

மருந்தூட்டல் மட்டும் போதாது என்பதை றொக்பெல்லர் நிதியினரும் காலப்போக்கில் உணர்ந்தனர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டபோது, வீடுகளுக்குச் செல்லுதல், தாய் சேய் நலம், சுகாதாரக் கல்வி என்பன முதன்மை பெற்றன. தோட்டங்களோ 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தின் கீழ்த் தனியுலகமாகவே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கே இல்லாதவரிடம் ஆய்வு பற்றி யார் கருத்துக் கேட்பர்?

1978இன் அல்மா ஆட்டா பிரகடனம், தமது சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிற் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் என்றது. ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுக்கு முன்னும் ஆய்வின்போதும் அதன் பின்னும் சமூகத்தாருடன் பொருளுள்ள ஈடுபாடு வேண்டும் என்கின்றது. 1916இல் மாத்தளை லயங்களில் நின்றோருக்கு இவை காலங்கடந்த நீதி.

இதே மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவப் பகுதியில், காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் உழவர் குடும்பங்களை இன்று வாட்டுகின்றது. குருதியும் சிறுநீரும் கிணற்று நீரும் சோதிக்கப்படுகின்றன. நோய் பரவிய உலர்வலயக் கிராமங்களிலே உவர்ப்பும் கடினமும் கொண்ட கிணற்று நீரை மக்கள் 'கிவுல்' என்பர். நீரின் கடினத்தன்மையையும் புளோரைட்டையும் இன்று ஆய்வாளர் நுணுகி ஆராய்கின்றனர். அக்கிணற்றில் நாள்தோறும் நீரள்ளுபவர் அதன் சுவையை நாவால் அறிந்து பெயரிட்டது, ஆய்வாளர் அங்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னர்.