தேடப்படாத வாகனங்களின் பதிவு: காவல்துறையின் பதிவெண் கேமராக்களுக்கான விதிகள் உருவான வரலாறு

கருவியும் அதன் இரு பணிகளும்

சாலையோரக் கம்பத்திலோ ரோந்து வாகனத்திலோ பொருத்தப்படும் பதிவெண் கேமரா, கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனத்தின் நம்பர் பிளேட்டையும் படமெடுக்கிறது. படத்திலுள்ள எழுத்துகளையும் எண்களையும் மென்பொருள் படித்து, இடம், நாள், நேரம் ஆகியவற்றுடன் சேர்த்துக் கணினியில் பதிகிறது. திருடப்பட்ட வாகனங்கள், காப்பீடு இல்லாதவை, தேடப்படுவோர் பயன்படுத்துபவை எனக் காவல்துறை வைத்திருக்கும் பட்டியலோடு அந்த எண் உடனே ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் எச்சரிக்கை எழுகிறது. இது முதல் பணி. பொருந்தாத எண்களையும் சேமித்து வைத்து, பின்னாளில் எந்த வாகனம் எங்கே இருந்தது என்று தேட இடமளிப்பது இரண்டாவது பணி.

முதல் பணி ஒரு நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது பணியோ எந்தக் குற்றத்திலும் தொடர்பில்லாத லட்சக்கணக்கானவர்களின் பயணங்களை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், அரசின் கையில் வைத்திருக்கிறது. தொடக்ககால விதிகள் முதல் பணியை மட்டுமே கருத்தில் கொண்டன. இரண்டாவது பணியே பெரிய ஆபத்து என்ற புரிதல் மெல்ல மெல்லத்தான் சட்டத்துக்குள் நுழைந்தது. பிரிட்டனில் நிர்வாக விதிகளின் வழியாகவும், ஜெர்மனியில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் வழியாகவும், அமெரிக்காவில் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களின் வழியாகவும் இந்த மாற்றம் நடந்தது.

பிரிட்டன்: கருவி முன்னே, விதி பின்னே

பதிவெண்களைத் தானாகப் படிக்கும் தொழில்நுட்பம் 1976-இல் பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் மேம்பாட்டுப் பிரிவில் உருவானது. ஏ1 நெடுஞ்சாலையிலும் டார்ட்ஃபோர்டு சுரங்கப்பாதையிலும் அதன் தொடக்ககாலச் சோதனைகள் நடந்தன. 1981-இல் திருட்டுக் கார் ஒன்றை இக்கருவி அடையாளம் கண்டதன் விளைவாக முதல் கைது நிகழ்ந்தது. 1992, 1993 ஆண்டுகளில் லண்டனின் நிதி மையத்தில் ஐரிஷ் குடியரசுப் படை நடத்திய குண்டுவெடிப்புகளுக்குப் பின் அப்பகுதியைச் சுற்றி ‘எஃகு வளையம்’ எனப்பட்ட பாதுகாப்பு அரண் அமைந்தது. நாளடைவில் பதிவெண் கேமராக்கள் அந்த அரணின் முக்கிய உறுப்பாயின.

2002-இல் 9 காவல் படைகளில் தொடங்கிய ‘லேசர்’ திட்டம் அடுத்த ஆண்டே 23 படைகளுக்கு விரிந்தது. 2005-இல் தலைமைக் காவல் அதிகாரிகள் சங்கம் வகுத்த செயலுத்தி, குற்றவாளிகளுக்குச் சாலைகளே பயன்படாமல் செய்வதை இலக்காக அறிவித்தது. 2006-இல் தேசியத் தரவு மையம் இயங்கத் தொடங்கியது. நாடெங்கும் படிக்கப்படும் எண்களின் அளவு காலப்போக்கில் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடியை எட்டியது. இவ்வளவு பெரிய அமைப்பு நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் எதுவும் இல்லாமலே எழுந்தது. காவல்துறையின் பொது அதிகாரங்களும் தரவுப் பாதுகாப்புச் சட்டமுமே அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டன.

இந்த வெற்றிடத்தின் விளைவு 2010-இல் பர்மிங்காமில் வெளிப்பட்டது. ‘சாம்பியன்’ என்ற திட்டத்தின் கீழ், முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி 200-க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பதிவெண் கேமராக்கள். 72 கேமராக்கள் மறைவாக வைக்கப்பட்டவை. சாதாரணக் குற்றங்களைத் தடுக்கவே இவை என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்திருந்தது. தேம்ஸ் வேலி காவல் படையின் தலைவர் சாரா தார்ன்டன் நடத்திய மறுஆய்வு, திட்டத்தின் நோக்கம் மறைக்கப்பட்டதையும் சட்டத் தேவைகள் போதிய அளவில் ஆராயப்படாததையும் கடுமையாகச் சாடியது. கேமராக்கள் அகற்றப்பட்டன. காவல்துறை இழந்த நம்பிக்கையை மீட்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

அடுத்த திருப்பம் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ராய்ஸ்டன் என்ற சிறுநகரத்தில் நேர்ந்தது. அங்கு 7 கேமராக்கள் ஊருக்குள் வரும் எல்லாச் சாலைகளிலும் வைக்கப்பட்டிருந்தன. பதிவாகாமல் எந்த வாகனமும் ஊருக்குள் வரவோ வெளியேறவோ இயலாது. குடிமை உரிமை அமைப்புகளின் புகாரை விசாரித்த தகவல் ஆணையர் அலுவலகம், இந்த ஏற்பாடு சட்டத்துக்குப் புறம்பானது, தேவைக்கு மிஞ்சியது என்று 2013 ஜூலையில் அமலாக்க அறிவிக்கை அனுப்பியது. தனிமனித வாழ்வின் மீதான தாக்கத்தை முன்கூட்டி மதிப்பிடாமல் கேமரா வைக்கக்கூடாது என்ற கொள்கை இதன்மூலம் நடைமுறை வலிமை பெற்றது.

2012-இன் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் கண்காணிப்புக் கேமராக்களுக்கான நடத்தைக் கோவைக்கும் அதை மேற்பார்வையிடும் ஆணையர் பதவிக்கும் வழிவகுத்தது. கோவை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. காவல்துறைக்கான தேசியத் தரநிலைகள் தரவை வைத்திருக்கும் காலத்தை 2 ஆண்டுகளிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தன. தரவு பழையதாக ஆக, அதைப் பார்க்க உயர்நிலை அதிகாரியின் ஒப்புதல் தேவை என்ற படிநிலையும் சேர்ந்தது. ஆனால் கோவையை மீறுவது தன்னளவில் குற்றமாகாது. 2020-இல் ஷெஃபீல்டில் 86 லட்சம் பயணப் பதிவுகள் கொண்ட கட்டுப்பாட்டுப் பக்கம் கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்தது. அணுகலுக்கு விதி வகுத்தால் மட்டும் போதாது, தரவைப் பூட்டி வைக்கும் பொறுப்பும் விதியின் பகுதியாக வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

ஜெர்மனி: பொருந்தாத எண்ணுக்கும் உரிமை உண்டு

தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1983-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. பதிவெண் கேமராக்கள் வந்தபோது வழக்கறிஞர்களின் கையில் இந்தக் கோட்பாடு ஆயத்தமாக இருந்தது.

2008 மார்ச் 11 அன்று ஹெஸ்ஸன், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலங்களின் சட்டப்பிரிவுகளை நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. எந்த நோக்கத்துக்காகப் பதிவெண் படிக்கலாம், எந்தப் பட்டியலோடு ஒப்பிடலாம் என்று அவை தெளிவாகச் சொல்லவில்லை. காரணமின்றியும் எல்லையின்றியும் கண்காணிக்க அவை இடம் கொடுத்தன. அதே வேளையில் ஒரு விதிவிலக்கையும் நீதிமன்றம் ஏற்றது. பட்டியலோடு பொருந்தாத எண் உடனடியாகத் தடயமின்றி அழிக்கப்பட்டால் அந்த வாகன ஓட்டியின் அடிப்படை உரிமையில் தலையீடே நிகழவில்லை என்று அது கருதியது.

பத்தாண்டுகளுக்குப் பின் அந்தக் கருத்தை நீதிமன்றமே கைவிட்டது. பவேரியாவின் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2018 டிசம்பர் 18 அன்று எடுத்த முடிவின்படி, பொருந்தாத எண்ணைப் படிப்பதும் தலையீடுதான். தவறு செய்யாதவரையும் ஒரு கணம் நிறுத்தி, அவர் தேடப்படுபவர் அல்ல என்பதை அரசு சோதித்துப் பார்க்கிறது; அந்தச் சோதனைக்கு நியாயம் வேண்டும் என்பதே அதன் சாரம். கணிசமான மதிப்புடைய பொதுநலனைக் காக்க மட்டுமே இதைப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் நீதிமன்றம் வலியுறுத்தியது. குறைபட்ட பிரிவுகளைத் திருத்த 2019 இறுதிவரை அவகாசம் தரப்பட்டது.

இந்த மாற்றத்தின் நியாயத்தைப் பவேரியாவின் சொந்தக் கணக்கே காட்டுகிறது. வழக்கின் முந்தைய கட்டமொன்றில் வெளிவந்த விவரப்படி, மாதந்தோறும் ஏறத்தாழ 80 லட்சம் எண்கள் படிக்கப்பட்டன. கணினி பொருத்தம் கண்டவை 40,000 முதல் 50,000 வரை. அவற்றை மனிதர் சரிபார்த்தபின் உண்மையென நின்றவை 500 முதல் 600 வரை மட்டுமே. ஒரு சரியான பொருத்தத்துக்காக ஆயிரக்கணக்கான குற்றமற்ற பயணங்கள் சோதிக்கப்பட்டன.

2021-இல் ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஜி பிரிவு சேர்க்கப்பட்டது. முக்கியத்துவம் வாய்ந்த குற்றம் நடந்ததற்கான ஆதாரம் இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கேமரா இயங்கலாம். நாடு தழுவிய வலையாக அது மாறக்கூடாது. பொருந்தாத எண்களை உடனே அழிக்க வேண்டும். நீதிமன்றம் வகுத்த கோட்பாடு இவ்வாறு சட்ட வாசகமாக உருப்பெற்றது.

அமெரிக்கா: மாநிலத்துக்கு ஒரு கெடு

அமெரிக்காவில் காவல்துறையின் பதிவெண் கேமராக்களுக்கென்று கூட்டாட்சிச் சட்டம் ஏதும் இல்லை. பொதுச் சாலையில் எல்லோர் கண்ணிலும் படும் நம்பர் பிளேட்டைப் பார்ப்பது அரசியலமைப்பின் 4-ஆம் திருத்தம் கூறும் ‘சோதனை’ ஆகாது என்பது நீதிமன்றங்களின் நெடுநாள் நிலைப்பாடு. இந்த வாதம் ஒரு வாகனத்தை ஓர் இடத்தில் ஒருமுறை பார்ப்பதற்குப் பொருந்தும். பல இடங்களில் பல மாதங்கள் பார்த்ததைக் கோர்த்து வைப்பதற்கும் பொருந்துமா என்பதே சிக்கல்.

விடையின் சாயல்கள் உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளில் தெரிந்தன. 2012-இன் ஜோன்ஸ் வழக்கில் காரில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தியது சோதனை என்று முடிவானது. 2018-இன் கார்பென்டர் வழக்கில், கைப்பேசியின் கடந்தகால இருப்பிடப் பதிவுகளைப் பெற நீதிமன்றத்தின் சோதனை ஆணை (வாரண்ட்) வேண்டும் என்று தீர்ப்பானது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2020-இல் இதைப் பதிவெண் கேமராக்களோடு இணைத்துப் பார்த்தது. கேப் காட் செல்லும் இரு பாலங்களில் இருந்த 4 கேமராக்கள் உரிமையை மீறவில்லை என்றாலும், போதிய இடங்களில் போதிய கேமராக்கள் இருந்தால் விடை மாறும் என்று அது எச்சரித்தது.

நீதிமன்றங்கள் தயங்கிய இடத்தில் சட்டமன்றங்கள் தரவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டன. மெய்ன் மாநிலம் 2009-இல் 21 நாள் கெடு விதித்தது. நீண்ட காலம் இத்தகைய கண்காணிப்பையே தடுத்திருந்த நியூ ஹாம்ப்ஷயர், 2016-இல் அனுமதி தந்தபோது பொருந்தாத எண்களை 3 நிமிடங்களுக்குள் அழிக்கச் சொன்னது. ஆர்கன்சாவில் 150 நாள். நியூ ஜெர்சியிலோ 2010-இன் தலைமை வழக்கறிஞர் வழிகாட்டுதல் 5 ஆண்டுகள் வரை அனுமதித்தது. ஒரே கருவிக்கு ஒரே நாட்டில் நிமிடக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் நிலவியது, இந்தச் சிக்கலில் பொதுக் கருத்து உருவாகாததன் அடையாளம்.

இந்தக் கெடுக்கள் பல, கண்கூடான நிகழ்வுகளால் பிறந்தவை. 2012-இல் மினியாபொலிஸ் நாளிதழ் ஒன்று அன்றைய சட்டப்படி பொது ஆவணமாக இருந்த தரவைக் கேட்டுப் பெற்று, நகர மேயரின் கார் ஓராண்டில் எங்கெங்கே பதிவானது என்று 41 இடங்களைக் காட்டியது. மேயரின் பயணங்களையே எவரும் பெறலாம் என்றால், மண முறிவில் பகை கொண்டவரோ பின்தொடர்ந்து துன்புறுத்துபவரோ பெறுவதை எது தடுக்கும் என்ற கேள்வி எழுந்தது. 2015-இல் மினசோட்டா 60 நாள் கெடுவையும், இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கையையும் சட்டமாக்கியது.

வர்ஜீனியாவின் பாதை இன்னும் நீளமானது. அரசியல் கூட்டங்களுக்கு வந்தவர்களின் பதிவெண்களை மாநிலக் காவல்துறை சேகரித்தது வெளியானது. குறிப்பிட்ட காரணமின்றி இவ்வாறு சேமிப்பது மாநிலத்தின் தரவுச் சட்டத்துக்கு எதிரானது என்று தலைமை வழக்கறிஞர் 2013-இல் கருத்துரைத்தார். ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டக் காவல்துறை அதை ஏற்காமல் 364 நாள் சேமித்து வந்தது. இதை எதிர்த்த வழக்கில், பதிவெண்ணோடு உரிமையாளரின் பெயர் அந்த அமைப்பிலேயே இணைக்கப்படவில்லை என்று கூறி மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் காவல்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மற்றொரு கணினியில் ஓரிரு விசைகளைத் தட்டினால் பெயர் கிடைத்துவிடும் என்பதை அந்த வாதம் போதிய அளவில் எடைபோடவில்லை. நீதிமன்றம் விட்ட இடைவெளியைச் சட்டமன்றம் 2025-இல் 21 நாள் கெடுவால் அடைத்தது.

பிழையும் சரிபார்ப்பும்

சேமிப்பு ஒருபுறமிருக்க, முதல் பணியிலும் விதி தேவை என்பதை இரு நிகழ்வுகள் உணர்த்தின. 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் கேமரா 3 என்ற எண்ணை 7 என்று படித்தது. காரை ஓட்டிவந்த பெண் துப்பாக்கி முனையில் இறக்கப்பட்டு, மண்டியிட வைக்கப்பட்டு, விலங்கிடப்பட்டார். தேடப்பட்டதோ வேறு வகை வாகனம். சரிபார்க்கப்படாத எச்சரிக்கையை மட்டும் நம்பி நிறுத்தியது நியாயமா என்பதை ஜூரி தீர்மானிக்கலாம் என்று 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2020-இல் கொலராடோவின் அரோராவில், வேறொரு மாநில மோட்டார் சைக்கிளின் எண்ணோடு பொருந்தியதால் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் சிறுமிகள்கூடத் தரையில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டனர். 2024-இல் அந்நகரம் 19 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. வண்டியை நிறுத்துமுன் எண், மாநிலம், வாகன வகை மூன்றையும் கண்ணால் ஒப்பிட்டு, பட்டியலின் இன்றைய நிலையைக் கட்டுப்பாட்டு அறையில் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி பல காவல்துறைகளின் கையேடுகளில் இடம்பெற்றுள்ளது.

பகிர்வு என்ற புதிய களம்

2016 முதல் நடைமுறையில் உள்ள கலிபோர்னியாவின் எஸ்.பி. 34 சட்டம் பொதுவில் வெளியிடப்பட்ட தனியுரிமைக் கொள்கை, ஒவ்வொரு தேடலுக்கும் பதிவேடு, பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரும் உரிமை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 2020-இல் மாநிலத் தணிக்கையாளர் 4 காவல் அமைப்புகளை ஆராய்ந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை வைத்திருந்த 32 கோடிப் படங்களில் 99.9 விழுக்காடு, எடுக்கப்பட்டபோது எந்தத் தேடல் பட்டியலோடும் பொருந்தாதவை என்று கண்டார். சட்டம் இருந்தும் தணிக்கை இல்லையேல் பயனில்லை என்பதற்கு இது சான்று.

2017-இல் தொடங்கப்பட்ட ஃபிளாக் சேஃப்டி போன்ற தனியார் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான காவல்துறைகளின் கேமராக்களை ஒரே வலைப்பின்னலில் இணைத்தபின், ஓர் ஊரின் கெடுவும் கொள்கையும் அந்த ஊரின் எல்லையோடு நிற்கவில்லை. கருக்கலைப்பு, குடியேற்ற நிலை ஆகியவை தொடர்பான வழக்குகளுக்குத் தரவைப் பகிரக்கூடாது என்று இல்லினாய் 2024 முதல் தடை விதித்திருந்தது. எனினும் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண் ஒருவரைத் தேடி டெக்சஸ் ஷெரிஃப் அலுவலகம் ஒன்று நடத்திய தேடல் இல்லினாய் கேமராக்களையும் எட்டியது 2025-இல் அம்பலமானது. எஸ்.பி. 34 சட்டத்தை மீறி வெளிமாநிலங்களுக்குத் தரவு கொடுத்ததாகக் கலிபோர்னியாவின் எல் காஹோன் நகரத்தின் மீது அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் அதே ஆண்டில் வழக்குத் தொடுத்தார்.

விதிகளின் பொது உறுப்புகள்

மூன்று நாடுகளின் அனுபவத்திலிருந்து ஐந்து உறுப்புகள் தெளிவாகின்றன: நோக்கத்தை முன்கூட்டி வரையறுத்தல், ஒப்பிடும் பட்டியலைத் துல்லியமாகவும் புதுப்பித்தும் வைத்தல், பொருந்தாத எண்களுக்குக் குறுகிய அழிப்புக் கெடு, ஒவ்வொரு தேடலையும் காரணத்தோடு பதிந்து வெளியார் தணிக்கைக்கு உட்படுத்துதல், பகிர்வை எல்லைப்படுத்துதல். இவற்றுள் மூன்றாவதே மற்றவற்றின் வலிமையைத் தீர்மானிக்கிறது. அழிக்கப்பட்ட பதிவு கசியாது. தவறான கைக்கும் போகாது. பின்னாளில் வேறு நோக்கத்துக்கும் திருப்பப்படாது. மற்ற நான்கும் காப்பாளரின் நேர்மையையும் விழிப்பையும் சார்ந்தவை. பொருந்தாத எண்ணை உடனே அழிக்கச் சொன்ன ஜெர்மனியும் நியூ ஹாம்ப்ஷயரும் இவ்வகையில் உறுதியான பாதுகாப்பைத் தருகின்றன. திருட்டு வாகனத்தைக் கண்டறியும் முதல் பணிக்கு அந்த அழிப்பால் எந்தக் குறையும் நேர்வதில்லை.