தகட்டில் ஏறாத குரல்கள்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டு. தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, தன் தண்டவாளத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளிவரும் அந்தப் பாதை, தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகவே போடப்பட்டது. ஆனால், இறக்குவதற்குப் போட்ட பாதையில் ஏறி வந்தவையும் உண்டு. அரிசி மூட்டையும் மருந்துப் போத்தலும் வந்த வழியேதான், ஊதுகுழல் வைத்த பாட்டுப்பெட்டியும் அது பாடுவதற்கான கறுப்புத் தட்டுகளும் நம் மலைகளுக்கு ஏறியிருக்க வேண்டும்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாட்டுப்பெட்டி அன்று. அது செய்யாமல் விட்ட ஒரு வேலை.

1877இல் தோமஸ் அல்வா எடிசன் உருவாக்கிய பேசும் இயந்திரத்துக்கு இரண்டு தொழில் தெரிந்திருந்தது. உருளையின்மேல் வெள்ளீயத் தகட்டைச் சுற்றி, குழலுக்குள் பேசினால் அது பதிந்துகொள்ளும். திரும்பச் சுழற்றினால் பேசியதைச் சொல்லும். பத்து ஆண்டுகள் கழித்து எமில் பேர்லினர் உருளையை விட்டுத் தட்டுக்கு மாறினார். தட்டை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம், அடுக்கி வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம். வியாபாரத்துக்கு அதுவே உகந்தது. ஆனால், வீட்டுக்கு வந்த கிராமபோனுக்கு ஒரு தொழில்தான் தெரியும். அது பாடும்; பதியாது. அன்றிலிருந்து உலகம் இரண்டாகப் பிரிந்தது எனலாம். ஒரு பக்கம் பாடுவோர், மறுபக்கம் கேட்போர். நாம் கேட்போர் பக்கத்தில் நிறுத்தப்பட்டோம்.

கேட்டது நல்ல பாட்டுத்தான், ஐயமில்லை. கல்கத்தாவில் கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை 1908இல் தொடங்கிற்று. மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி கசியவிடும் அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்துப் பிசைந்து, சூட்டோடு அழுத்திச் செய்ததே அந்தக் கறுப்புத் தட்டு. அரக்கு மாளிகையைக் கதையில் கேட்ட நம் மக்கள், அரக்குத் தட்டிலிருந்து குரல் எழுவதையும் கேட்டார்கள். 1926இல் கொழும்பு நாடக மேடையில் சந்தித்துக்கொண்ட கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இசைத்தட்டுக்களால் தமிழ் கேட்கும் ஊரெல்லாம் போனார்கள். தட்டு வாங்க வசதியுள்ளவர்கள் துரையும், பெரிய கங்காணியும், நகரத்துக் கடைக்காரரும். லயத்துப் பிள்ளைகள் பாட்டைத் தூர நின்று கேட்டார்கள்.

அதே மலையில், அதே மாலையில், தட்டுக்குத் தெரியாத பாட்டுகள் இருந்தன. மாசி மாதத்துக் காமன் கூத்தில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய லாவணி பாடின. மரண வீட்டின் இஸ்தோப்பில் ஒப்பாரி எழுந்தது. கூடையோடு ஏறும் பெண்கள் தெம்மாங்கு இழுத்தார்கள். விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் தப்பின் அடி ஒன்று, சாவுக்கு அடிக்கும் அடி வேறொன்று. கண் விழிக்காமலே வேறுபாடு சொல்லும் காது அன்று எல்லோருக்கும் இருந்தது. இந்த ஓசைகள் ஏன் தட்டில் ஏறவில்லை? கருவி அரியது, செலவு பெரியது, வீட்டில் செய்யக்கூடிய காரியமா அது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

இசைத்தட்டை வீட்டில் வெட்டும் தொழில், பார்க்கப்போனால், உழவு போன்றது. சுழலும் தட்டின்மேல் கூரான ஓர் ஊசி இறங்குகிறது. ஒலியின் அதிர்வுக்கு ஏற்ப அது இடமும் வலமும் நடுங்குகிறது. திருகாணி பூட்டிய ஒரு தண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டின் நடுவை நோக்கி நகர்த்துகிறது. ஊசி போன வழியில் சுருள் சுருளாகச் சீவல் எழும்ப, பின்னால் ஒரு சால் விழுகிறது. அந்தச் சாலில் வேறோர் ஊசியை ஓட்டினால், நடுக்கம் மீண்டும் ஒலியாகிறது. வேண்டியவை மூன்றே மூன்று: மாறாத வேகத்தில் சுழலும் தட்டு, நடுங்கத் தெரிந்த ஊசி, வெட்டினால் வெட்டு நிற்கும் மென்மையான ஒரு பரப்பு.

அந்தப் பரப்புக்காக உலகம் எதையெல்லாம் தேடிப் போயிற்று! வெறும் அலுமினியத் தகட்டில் கீறிப் பார்த்தார்கள். 1930களில் அலுமினியத்தின்மேல் அரக்குச் சாயல் கொண்ட ஒரு மெருகுப்பூச்சைப் பூசினார்கள். வானொலி நிலையங்கள் அதைப் பெரிதும் கைக்கொண்டன. யுத்தம் வந்து அலுமினியம் முழுவதும் ஆகாய விமானங்களுக்குப் போனபோது, கண்ணாடியின்மேல் பூசி வெட்டினார்கள். 1942இல் அமெரிக்காவில் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளை மக்களிடம் திரும்பப் பெற்று, நொறுக்கி, அந்தப் பொடியிலிருந்து புதிய தட்டுச் செய்தார்கள். உருக்கு ஊசி கிடைக்காத இடத்தில் மூங்கில் சீவலும் முள்ளும் ஊசியாயின.

இவை யாவற்றையும் விஞ்சியது லெனின்கிராட் நகரத்து வேலை. யுத்தம் முடிந்த மறு ஆண்டு அங்கே குரல் கடிதம் பதிந்து கொடுக்கும் கடையொன்று திறக்கப்பட்டது. வைத்திருந்தது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பதிவுக் கருவி. ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே இன்னொன்று செய்துகொண்டார். தடுக்கப்பட்ட பாட்டுகளைப் பிரதி எடுக்க அவரும் நண்பர்களும் தேர்ந்தெடுத்த பரப்பு, வைத்தியசாலைகள் வேண்டாமென்று கழித்த எக்ஸ்றேப் படம். கத்தரியால் வட்டமாக நறுக்கி, நடுவில் சிகரெட் நெருப்பால் துளையிட்டு, வெட்டுக் கருவியின்கீழ் வைப்பார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்பின்மேல் இன்னொருவரின் பாட்டு ஏறிவிடும். சில தடவை ஓடியதும் தேய்ந்து போகும் தட்டுத்தான். ஆனாலும் தெரு மூலைகளில் சட்டைக்குள் மறைத்து விற்கப்பட்டது. அதற்காக 1950இல் பொகஸ்லோவ்ஸ்கி சிறை சென்றார். வெளியே வந்ததும் மீண்டும் வெட்டினார்.

நேயர்களே, இந்தக் கதையைக் கேட்டு வியந்து நிறுத்திவிடக் கூடாது. அந்த இளைஞரிடம் பணமும் இல்லை, அனுமதியும் இல்லை. இருந்தது ஒன்றுதான்: இந்தக் குரல் போய்விடக் கூடாது என்ற பிடிவாதம்.

நம் நிலைக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது. 1933இல் ஜோன் லோமக்ஸ் என்பவர் தம் மகன் அலனோடு ஏறத்தாழ 143 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியை ஒரு மோட்டார்க் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவர்கள் போன இடங்களில் ஒன்று லூசியானாவின் அங்கோலாச் சிறை. முன்பு அடிமைகள் உழைத்த தோட்டம் அது. பிறகு கைதிகள் உழைக்கும் பண்ணையாயிற்று. வயலில் வேலைசெய்யும் கறுப்பினக் கைதிகளின் பாட்டுகளை அங்கே அலுமினியத் தட்டில் கீறினார்கள். அவ்வாறு பதியப்பட்டவர்களுள் ஒருவர் லெட் பெலி. வயலில் பாடிய கைதியின் குரல் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் அலுமாரிக்குப் போயிற்று. பிற்காலத்து அமெரிக்க இசையின் ஒரு வேர் அந்த அலுமாரியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

1933இல் ஊவாவின் மலைகளிலும் பாட்டு இருந்தது. தோட்டமும் இருந்தது, உழைப்பும் இருந்தது, இரவும் இருந்தது. கார் ஒன்று மட்டும் ஏறி வரவில்லை.

இந்தப் பக்கத்தில் பதிவுக் கருவியே நடமாடவில்லை என்று எண்ண வேண்டாம். இந்திய மொழிகளின் கணக்கெடுப்புக்காக 1913க்கும் 1929க்கும் இடையில், தமிழ் உட்படப் பல மொழிகளில் பேச்சைத் தட்டில் பதிந்தார்கள். மொழியறிஞருக்கு வேண்டியது பேச்சின் மாதிரி. ஆகவே பல மொழிக்காரருக்கும் கெட்ட குமாரன் கதையையே சொல்லக் கொடுத்தார்கள். ஒல்லாந்தரான ஆர்னல்ட் பேக் இந்தியா, நேபாளம், இலங்கை என்று மெழுகு உருளைகளோடு அலைந்து நாட்டார் இசையையும் சமய இசையையும் சேர்த்தார். கருவி கடல் தாண்டி வந்திருந்தது. மலை ஏறுவதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

கைத்திறன் இந்த நாட்டில் குறைந்திருந்ததா? அதுவும் இல்லை. 1923இல் கொழும்புத் தந்திக் காரியாலயத்தில் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய பொறியியலாளரும் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தியபோது, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டே பரப்புக் கருவியைப் பூட்டினார்கள் என்பது வரலாறு. அந்தச் சிறிய அறையிலிருந்து முதலில் போனதும் கிராமபோன் இசைதான். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதாவது, இன்று நாம் பெருமையோடு பேசும் இலங்கை வானொலி, கழித்துப் போட்ட பொருளில் பிறந்த குழந்தை. பின்னாளில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, ஊரே செய்தி கேட்டது. தேவை என்று மனம் கொண்டால் கை வழி கண்டுபிடிக்கிறது.

ஆகவே, தோட்டத்துக் குரல் தகட்டில் ஏறாததற்குக் காரணம் கருவியின்மை அன்று. அந்தக் குரலைக் காக்கத் தகுந்த பொருளாக அதிகாரத்தில் இருந்தவர் கருதவில்லை. கணக்கில் அது பேர் நம்பர் உள்ள கை. குரல் உள்ள வாய் என்று பதிய எந்தப் புத்தகத்திலும் நிரல் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையை மறுத்ததற்கு முன்பே, குரல் கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தது.

எழுதியவர்கள் இருந்தார்கள், அவர்களை நாம் மறக்கலாகாது. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் பாட்டையே பிரசாரமாக்கித் தோட்டங்களில் ஒலிக்கச் செய்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைச் செவியால் கேட்டுக் கையால் எழுதித் தொகுத்தார். அந்தத் தொகுப்பு இல்லையேல் இன்று சொற்களும் இல்லை. ஆனால், காகிதம் தாங்கக்கூடியது சொல்லை மட்டுமே. ஒப்பாரியில் இரண்டு அடிகளுக்கு நடுவே வரும் அந்த இழுப்பு, மூச்சு முட்டி நின்று மீண்டும் எடுக்கும் அந்த இடம், எந்த எழுத்திலும் அடங்காது. பாட்டின் பாதி அங்கேதான் இருக்கிறது.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வதென்றும் இரண்டு தலைநகரங்கள் பங்கு பிரித்தன. தலைமன்னாருக்குப் போன வண்டியை நம்மவர் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தகரப் பெட்டியில் சட்டி பானை போயிற்று, சாமிப் படம் போயிற்று. பாட்டி இங்கே, பேத்தி நீலகிரியில். பாட்டியின் தாலாட்டு எந்தப் பெட்டியில் போயிற்று? லெனின்கிராட் கடைக்காரரிடம் போல் ஒரு குரல் கடிதம் வாங்கிச் செல்ல, நமது புகையிரத நிலையங்களில் யாரும் கடை வைக்கவில்லை.

அந்தக் கடையை நம் மக்கள் தாங்களாகவே திறந்தது பின்னால், கசெட் வந்தபோது. பதிந்து விற்கும் சினிமாப் பாட்டுக் கசெட்டின் முதுகில் இரண்டு சிறு துவாரங்கள் இருக்கும். அவை திறந்திருந்தால் அதன்மேல் வேறெதையும் பதிய இயலாது. துவாரத்தில் காகிதத்தைத் திணித்தாலோ, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினாலோ போதும், கசெட் புதிதாகிவிடும். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு இப்படித்தான் குரல் கடிதங்கள் போயின, அவர்களிடமிருந்தும் வந்தன. எழுதத் தெரியாதவர்களுக்கு அதுவே தபால்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தகைய கசெட் ஒன்றைப் போட்டுக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதலில் வீட்டுச் செய்தி, ஆடு குட்டி போட்ட செய்தி, சம்பளச் செய்தி. பிறகு ஒரு முதியவளின் குரல். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்காக, அவள் விட்டுப்போன பிள்ளையைத் தூங்கவைக்கும் தாலாட்டை அந்த அம்மா பாடுகிறார். பின்னால் மழை தகரத்தில் கொட்டுகிறது. ஓரிடத்தில் பிள்ளை சிணுங்க, பாட்டை நிறுத்தாமலே "ச்சூ, இரு ஆயா" என்கிறார். பாட்டு முடிந்து, பொத்தானை அழுத்தும் ஓசை கேட்கிறது. அடுத்த கணம், அழிபடாமல் எஞ்சியிருந்த பழைய சினிமாப் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி விடுகிறது. அந்தச் சினிமாப் பாட்டுக்கு உலகில் எத்தனையோ பிரதிகள் உண்டு. அதற்கு முந்திய தாலாட்டுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். நாடாவும் அங்கங்கே பூஞ்சணம் பிடித்துவிட்டிருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. மனிதரை இழந்த துயரத்துக்கு முன் வேறெந்த இழப்பையும் பேச நா எழாது. ஆயினும், ஒரு லயம் புதையும்போது அதனுள் இருக்கும் படமும், கடிதமும், கசெட்டும், அவற்றில் தங்கிய குரலும் சேர்ந்தே புதைகின்றன என்பதையும் வரலாறு எழுதுவோர் நினைக்கத்தான் வேண்டும்.

இன்று வெட்டுக் கருவி வேண்டாம், எக்ஸ்றேப் படம் வேண்டாம், காகிதம் திணிக்கவும் வேண்டாம். கொழுந்து மலைக்குப் போகும் பிள்ளையின் பையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு பொத்தானில் குரல் பதிகிறது. ஆனால், எளிதாகப் பதிவது எளிதாகவே அழியும். தொலைபேசி உடைந்தால் போயிற்று. நினைவகம் நிறைந்தால் பிள்ளைகளே அழித்துவிடுவார்கள். லோமக்ஸின் தட்டு நிலைத்ததற்கு அலுமினியம் மட்டும் காரணமன்று. யார் பாடியது, எந்த ஊரில், எந்த நாளில் என்று எழுதி, ஓர் அலுமாரியில் வைத்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாகவும் நிறுத்தினார்கள்.

நம் தோட்டத்துப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் இது ஆகாத காரியமா? ஒப்பாரி தெரிந்த கிழவி, காமன் கூத்தின் லாவணி மனப்பாடமாயுள்ள பெரியவர், பிரட்டுத் தப்பின் அடி மறக்காத கை இன்னும் ஊவாவில் இருக்கின்றன. ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் பதிய வேண்டும், ஒருவர் பெயரும் தோட்டமும் திகதியும் எழுத வேண்டும். பிரதி இரண்டாவது எடுத்து, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்.

நேயர்களே, நூறு ஆண்டுகளுக்கு முன் பாட்டுப்பெட்டி நம்மைக் கேட்போர் பக்கத்தில் நிறுத்தியது. இப்போது கருவி நம் கையில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அவருடைய பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பாடச் சொல்லுங்கள்.