கடல்மேல் ஒரு வெண்கோடு

கப்பலில் செல்வோருள் பலர் முன்தளத்தில் நின்று வரப்போகும் கரையை நோக்குவர். சிலரே பின்தளத்தில் நின்று வந்த வழியை நோக்குவர். அவ்வாறு நோக்குவோர்க்குப் பால் சிந்தினாற்போன்ற ஒரு வெண்கோடு நெடுந்தூரம் நீண்டு கிடப்பது தெரியும். பாய்மரக் கப்பற் காலத்து மாலுமிகள் அக்கோட்டை வீணாக விட்டாரில்லை. காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுமாயின், நுரைத்தடம் கப்பலின் நெடுக்கிற்கு நேராக அமையாது சற்றே சாய்ந்து கிடக்கும். அச்சாய்வைத் திசைகாட்டியால் அளந்து, கப்பல் எவ்வளவு ஒதுங்கிச் செல்கிறதென்று அவர்கள் கணித்தனர்.

இவ்வெண்மை எங்கிருந்து வந்தது? நீருக்கும் நிறமில்லை, காற்றுக்கும் நிறமில்லை. எண்ணற்ற குமிழிகளின்மேல் ஒளி பட்டுச் சிதறுவதே அவ்வெண்மை. கப்பலின் முகப்பில் உடையும் அலை காற்றை வாரி நீருள் அமிழ்த்துகிறது. கப்பலின் உடலை ஒட்டி இழுபடும் நீர் சுழிகளாகக் கலைகிறது. பின்னே சுழலும் விசிறியோ அக்காற்றைப் பொடிப்பொடியாக்கி ஆழத்துக்குத் தள்ளுகிறது. அமைதியாக ஓடும் நீர் எந்நிலையில் சுழிப்பாக மாறும் என்பதை 1883ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டர்ப் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் காட்டினார். நீர் மெல்ல ஓடியபோது அதனுள் விட்ட சாயம் நூலிழைபோல நேராகச் சென்றது. வேகம் ஓர் அளவைக் கடந்ததும் இழை கலைந்து குழாய் முழுதும் பரந்தது. கப்பலின் பின்னே நிகழ்வதும் அத்தகைய கலக்கமே. அதில் அகப்பட்ட பெருங்குமிழிகள் விரைந்து மேலெழுந்து உடைகின்றன. நுண்குமிழிகள் மேலும் கீழும் அலைக்கப்பட்டு நெடுநேரம் நீருள்ளேயே தங்குகின்றன.

உப்புக்கும் இதில் பங்குண்டு. இரண்டு புட்டிகளில் நீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் கைப்பிடி உப்பைக் கரைத்து, இரண்டையும் குலுக்கிப் பாருங்கள். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி மறையும். உப்புநீரில் அவை எளிதில் கூடுவதில்லை. சிறியனவாகவே நின்று, நீரைச் சிறிது நேரம் மங்கலாக்கும். விலையில்லாத சோதனை, ஆயினும் செய்து காட்டும் பள்ளிகள் குறைவு.

நிற்க. இக்குமிழிகள் போர் வரலாற்றில் புகுந்த கதைக்கு வருவோம். 1866ஆம் ஆண்டில், அன்று ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்த பியூம் துறைமுகத்தில், ராபர்ட் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் தாமே நீருள் ஓடிச் சென்று தாக்கும் டார்பிடோவை அமைத்தார். அழுத்தி அடைத்த காற்றே அதன் பொறியை ஓட்டியது. வேலை முடித்த காற்று பின்வழியே வெளியேறிக் குமிழிகளாக மேலே வந்தது. கப்பலைப் போலவே அதுவும் கடல்மேல் ஒரு வெண்கோட்டை எழுதிச் சென்றது.

1915 மே 7ஆம் நாள் பிற்பகல், அயர்லாந்தின் தென்கரையை அடுத்து, ‘லூசிதானியா’ என்னும் பிரயாணிக் கப்பலின் முன்புறத்தில் காவல் நின்ற இளைஞன் அக்கோட்டைக் கண்டான், கூவி அறிவித்தான். கடல் அமைதியாக இருந்ததால் கோடு தெளிவாகவே தெரிந்தது. ஆயினும் பயனில்லை. ஏன்? ஜெர்மானிய நீர்மூழ்கி ஏறக்குறைய 700 மீட்டர் தொலைவிலிருந்து, 3 மீட்டர் ஆழத்தில் ஓடுமாறு டார்பிடோவை ஏவியிருந்தது. குமிழி வினாடிக்கு 30 சென்டிமீட்டர் மேலெழுவதாகக் கொண்டால், மேற்பரப்பை அடைய 10 வினாடி ஆகும். மணிக்கு 35 கடல்மைல் வேகத்தில் செல்லும் டார்பிடோ அதற்குள் 180 மீட்டர் முன்னே போயிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த கோட்டின் முனை வேறு. மரணம் இருந்த இடம் வேறு. பதினெட்டே நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர்.

எனினும் தொலைவிலிருந்து ஏவப்பட்டால் திரும்ப நேரமுண்டு. 1916ஆம் ஆண்டு ஜட்லந்துப் போரில், குமிழித்தடங்களைக் கண்டு விலகியே பல பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தப்பின. ஆகவே அத்தடத்தை அழிப்பதே ஆயுதம் செய்வோரின் கவலையாயிற்று. ஜெர்மானியர் காற்றையே விலக்கி மின்கலத்தால் ஓடும் டார்பிடோவை ஆக்கினர். 1939 அக்டோபரில் ஸ்காப்பா புளோ துறையில் ‘ராயல் ஓக்’ என்னும் போர்க்கப்பலை அது தாக்கியபோது, முதல் வெடிப்பு கப்பலுக்குள்ளேயே நேர்ந்ததென்று அதிலிருந்தோர் எண்ணினர். 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஜப்பானியர் வழி இன்னும் நுட்பமானது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அஃது எரிவதுமில்லை, நீரில் எளிதில் கரைவதுமில்லை. குமிழித்தடத்தின் பெரும்பகுதி அதுவே. அதனை நீக்கித் தூய பிராணவாயுவை அடைத்தால், எரிந்தபின் எஞ்சுவன நீராவியும் கரியமிலவாயுவுமே. நீராவி குளிர்ந்து நீராகிவிடும். கரியமிலவாயு நீரில் கரைந்துவிடும். 1930களில் அவர்கள் அமைத்த 93ஆம் வகை டார்பிடோ இதுவாகும். 1942 பிப்ரவரி 27 இரவு, ஜாவாக் கடலில் ‘டி ராய்ட்டர்’, ‘ஜாவா’ என்னும் இரு டச்சுக் கப்பல்கள் அதற்கு இரையாயின. படைத்தலைவர் டோர்மனும் மாண்டார்.

கப்பல்களின் தடம் மட்டும் மறையவில்லை. நீரடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் கருவிகள் வந்தபின், கப்பல் கடந்து சென்ற வெகுநேரம் வரை அதன் நுண்குமிழிகள் சுவர்போல நின்று ஒலியைத் திருப்புவது புலனாயிற்று. அமெரிக்க அறிஞர் போர்க்காலத்தில் இதனை ஆராய்ந்து, 1946இல் வெளிவந்த நூலொன்றில் ஒரு பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கினர். 1960களில் சோவியத்துக் கடற்படை வேறொரு டார்பிடோவைச் சேர்த்துக்கொண்டது. அது கப்பலைத் தேடுவதில்லை; தடத்தின் அடியில் ஓடி, மேல்நோக்கி ஒலியனுப்பி, குமிழிகள் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் அறிந்து, கோட்டின் இரு விளிம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து, கோட்டை எழுதிச் செல்லும் கப்பலையே சென்றடைகிறது.