இடுப்பளவும் இரத்த அழுத்தமும்: சிகிச்சையில் விடுபடும் காரணம்

2004இல் லான்செட் மருத்துவ இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை அருகருகே வெளியிட்டது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைக் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. அந்தக் கருவியை மட்டும் நம்பி இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை அளித்தால், இந்திய உடலில் நோயின் காரணத்தைத் தொடாமலே மாத்திரையைக் கூட்டிக்கொண்டு போவோம் என்பதே என் வாதம். அளக்க வேண்டியது இடுப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அதன்படி பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. அதாவது, குறியெண்ணில் அகப்படாமல் இடுப்பளவில் மட்டுமே அகப்படுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். ‘நான் குண்டாகவே இல்லையே, எனக்கு ஏன் பிரஷர்?’ என்று கேட்பவர்களில் பலர் இவர்கள்தாம்.

வயிற்றுக் கொழுப்பு அழுத்தத்தை உயர்த்துவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே. உடல் நலமாக இருக்கையில், அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றி அதை இறக்கிவிடும். உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவரிடம் இந்த ஒழுங்கு இடம் மாறுகிறது: அழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்த பிறகே அதே அளவு உப்பு வெளியேறும். சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பு அதை நெருக்குகிறது. ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் பெருகுகின்றன. பரிவு நரம்புகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. மூன்றில் நரம்பின் பங்கே என்னை மிகவும் ஈர்க்கிறது. கொழுப்புணவால் பருக்கவைத்த நாய்களின் சிறுநீரக நரம்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் துண்டித்தபோது, உப்புத் தேக்கமும் அழுத்த உயர்வும் பெருமளவு குறைந்தன. மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. மூளையில் பசியை அடக்கும் ஓர் ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்கள் மிகக் கடுமையாகப் பருக்கிறார்கள். ஆனால் அதே ஏற்பிதான் பரிவு நரம்புகளையும் தூண்டுவது என்பதால், 2009இல் வெளியான ஆய்வில், அதே பருமன் கொண்ட பிறரைவிட இவர்களிடம் உயர் அழுத்தம் ஏறத்தாழப் பாதி அளவே காணப்பட்டது. ஆகவே குற்றவாளி உடலின் பாரம் அல்ல. கொழுப்பு எழுப்பும் சமிக்ஞை.

அதே கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை அடைந்து, டிரைகிளிசரைடையும் சர்க்கரையையும் உயர்த்துகின்றன. ஒருவரின் மருந்துச் சீட்டில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் சேர்ந்தே இடம்பெறுவது தற்செயல் அல்ல.

எதிர்வாதம் ஒன்றை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவீடனில் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, நீரிழிவுப் பலன் நிலைத்தது; ஆனால் புதிதாக உயர் அழுத்தம் தோன்றுவதில் அறுவை செய்துகொள்ளாதவர்களோடு வேறுபாடு இல்லாமல் போயிற்று. அப்படியானால் எடைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு மேலோட்டமானதா? அப்படி நான் கருதவில்லை. பல்லாண்டுகள் பழுதுபட்ட நாளங்களும் சிறுநீரகமும் எடை குறைந்ததும் பழையபடி ஆகிவிடா. இம்முடிவு சொல்வது காலம் கடத்தக் கூடாது என்பதையே. பிரேசிலில் 2018இல் வெளியான சோதனையில், இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களில் 83.7 விழுக்காட்டினர் ஓராண்டில் அழுத்தம் கட்டுக்குள் இருக்க மாத்திரைகளை 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தனர். மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 12.8 விழுக்காட்டினரே. எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்பதில்லை. ஒரு கிலோ குறைந்தாலே சராசரியாக 1 மி.மீ. அழுத்தம் இறங்குகிறது.

அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டையைப் பற்றியும் ஒரு சொல். பருத்த கைக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால் பொய்யான உயரம் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுவோரிடம் இந்தப் பிழை சராசரியாக 19.5 மி.மீ. என்று 2023இல் ஒரு சோதனை கண்டது. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத இது போதும்.

மருந்துத் தேர்விலும் கொழுப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். இதய நோய் போன்ற தனிக்காரணம் இல்லாதபோது வயிற்றுப் பருமன் உள்ளவருக்குப் பழைய பீட்டா தடுப்பான்களை முதலில் எழுதுவது சரியல்ல. அவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளே இங்கு முந்த வேண்டும். மூன்று மருந்துக்கும் அழுத்தம் அடங்காதவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் சிறந்த நான்காம் மருந்து என 2015இல் பிரிட்டன் சோதனை ஒன்று நிறுவியது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தொற்றாநோய்க்கான முதற்பரிசோதனைப் படிவத்தில் இடுப்பளவுக்கு இடமும் இருக்கிறது. அந்த அளவு அபாய மதிப்பெண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற எல்லையை வைத்து, அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தன்னார்வலரும் மருத்துவரும் இடுப்பளவையும் எடுத்து, நோயாளியின் அட்டையில் அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். இதற்குத் தேவை ஓர் இஞ்சு டேப் மட்டுமே. சுகாதாரத் துறை இதை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும்.