தக்காளி, பருப்பு, எண்ணெய்... எந்த விலை சீக்கிரம் இறங்கும்? போடி மலையடிவார வீடுகளுக்கான மளிகைக் கணக்கு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் காலை விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் போகிறார்கள். சாயங்காலம் கூலியோடு இறங்கி வந்தால் முதலில் நிற்கும் இடம் மளிகைக் கடைதான். அங்கே பருப்பு விலையும் எண்ணெய் விலையும் ஏறியிருந்தால், அன்றைய கூலியில் அரிசி வாங்கியது போக மிச்சம் என்ன?

விலை ஏறும்போது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் பல வீடுகளின் வழக்கம். ஆனால் எல்லா விலை உயர்வும் ஒரே மாதிரி இல்லை. சில விலைகள் இரண்டு மாதத்தில் இறங்கும், சிலவற்றுக்கு ஒரு வருஷம் ஆகும். எது எந்த வகை என்று தெரிந்தால், எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பது புரிந்துவிடும்.

ஏலக்காய் விலை ஏறினால் கூலியும் ஏறுமா?

2018 ஆகஸ்ட் வெள்ளமும் அதற்கடுத்து வந்த வறட்சியும் ஏலச்செடிகளைப் பாதித்தன. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் நாள் கூலி இந்த வேகத்தில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. காய் பறிப்பு முடிந்து கோடை வந்தால் வேலை நாட்கள் குறையும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைக்கு ஜீப்பே போகாது. வருமானம் இப்படி விட்டுவிட்டு வரும் வீட்டுக்கு, மளிகை விலையில் 10 ரூபாய் கூடினாலும் பெரிய இடிதான்.

மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் சுமார் 47 சதவீதம் உணவுக்கே போகிறது. நகரங்களில் இது சுமார் 40 சதவீதம். வருமானம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடும்.

'பணவீக்கம் குறைந்தது' என்றால் விலை குறைந்ததா?

இல்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2024 அக்டோபரில் நாட்டின் சில்லறை உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம். 2025 அக்டோபரில் அது மைனஸ் 5.02 சதவீதமாக இறங்கியது.

ஒரு வீட்டு மளிகைக் கணக்காக இதைப் பார்க்கலாம். 2023 அக்டோபரில் 5,000 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான், 2024-ல் சுமார் 5,543 ரூபாய். 2025-ல் சுமார் 5,265 ரூபாய். விலை இறங்கிய பிறகும், பழைய பில்லைவிட 265 ரூபாய் அதிகம். 'டிவில குறைஞ்சிருச்சுன்னு சொல்றாங்க, கடையில குறையலையே' என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானதுதான்.

மூன்று வகை விலை உயர்வு

1. காய்கறி: சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும்

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் சில ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பருக்குள் விலை சரிந்து, விவசாயிகள் விலை கிடைக்காமல் தவித்தார்கள். நாற்று நட்ட இரண்டு மூன்று மாதத்தில் காய்ப்புக்கு வரும் பயிர் என்பதால், அடுத்த வரத்து வந்ததும் விலை உடையும்.

என்ன செய்யலாம்? காத்திருக்கலாம். அந்த ஆறேழு வாரத்துக்கு ரசம், குழம்பில் புளியைக் கூட்டி, தக்காளியைக் குறைத்துக்கொண்டால் போதும். முருங்கைக்கீரை, சுரைக்காய், பூசணி என்று அந்தந்த சீசனில் மலிவாகக் கிடைப்பதற்கு மாறலாம். போடியில் உழவர் சந்தையும் இருக்கிறது. விவசாயியே நேரடியாக விற்பதால் இடைத்தரகர் செலவு இல்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். வேறு கடையில் வாங்கினாலும், அந்த விலையைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் பேசலாம்.

2. பருப்பு: ஏறினால் அடுத்த அறுவடை வரை இறங்குவது கஷ்டம்

துவரை பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறை விளையும் பயிர். ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த அறுவடை அல்லது இறக்குமதி வரும் வரை விலை நிற்கும். 2024-ல் பல இடங்களில் துவரம்பருப்பு கிலோ 160 ரூபாயைத் தாண்டியது.

என்ன செய்யலாம்? இங்கே காத்திருந்து பலன் இல்லை, மாற்றுதான் வழி. பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றில் எது மலிவோ அதைக் கலந்து சமைக்கலாம். ஆனால் பருப்பையே நிறுத்திவிட்டு சோறும் ஊறுகாயுமாக ஓட்டக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புரதம் கிடைக்கும் மலிவான வழிகள் பருப்பும் முட்டையும்தான்.

3. எண்ணெய்: விலையைத் தீர்மானிப்பது வெளிநாடு

இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும், இந்தோனேசியாவின் ஏற்றுமதித் தடையால் பாமாயிலும் ஏறின. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி வரியைக் கூட்டியதும் விலை ஏறியது. 2025 மே மாதம் கச்சா எண்ணெய் வகைகளின் அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

என்ன செய்யலாம்? மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளவு வைத்துக்கொள்வதுதான் வழி. வாரத்தில் ஒரு நாள் பொரியல் வறுவலுக்குப் பதில் அவியல், கூட்டு செய்தாலும் அளவு குறையும்.

ரேஷன் கடையில் முழுசா வாங்குறீங்களா?

அரிசி கார்டுதாரர்களுக்கு தமிழக ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு 150 ரூபாய், எண்ணெய் 125 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு பொருளில் மட்டுமே மாதம் 220 ரூபாய் மிச்சம்.

● பருப்பும் எண்ணெயும் சில மாதம் தாமதமாக வரும். மாத முடிவுக்குள் ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டும். புகார் சொல்ல 1967.

● தமிழகத்துக்குள் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம்.

● கேரளத் தோட்டத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள், கார்டில் 'பிஎச்எச்' அல்லது 'ஏஏஒய்' குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் அங்குள்ள கடையிலேயே அரிசி, கோதுமை பெறலாம். தமிழக அரசு தரும் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது.

பிள்ளைகளின் பள்ளி உணவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும், மதியம் முட்டையுடன் சத்துணவும் உண்டு. வீட்டில் கையிருப்பு குறையும் மாதத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போடாமல் போவது ரொம்ப முக்கியம்.

பாக்கெட்டில் கவனிக்க வேண்டியவை

அளவு: 850 மி.லி. எண்ணெய் 130 ரூபாய், ஒரு லிட்டர் 145 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் முதலாவது மலிவு. கணக்குப் போட்டால் அது லிட்டருக்கு 153 ரூபாய்! பாக்கெட்டில் எம்ஆர்பி பக்கத்திலேயே ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட்டிருக்கும். அதை ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற வேண்டாம்.

ஜிஎஸ்டி: 25 கிலோ வரை லேபிள் ஒட்டிய பாக்கெட் அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் வரி. சில்லறையாக எடை போட்டு வாங்கினால் அந்த வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டைகள் கடைகளில் வரத் தொடங்கியதும் இதனால்தான்.

புகார்: எம்ஆர்பிக்கு மேல் விற்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக, கடன்

கடையில் நோட்டுப் போட்டு வாங்குவது மலையடிவாரத்தில் சகஜம். வேலை இல்லாத மாதத்தைத் தாண்ட அது உதவும். ஆனால் சில கடைகளில் கடன் விலை வேறு, ரொக்க விலை வேறு. இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மளிகைக்காகக் கந்துவட்டி வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். பருப்பு விலை ஒரு வருஷத்தில் இறங்கலாம். வட்டி அப்படி இறங்காது. மகளிர் குழுவின் உள்கடன், கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். அநியாய வட்டி கேட்டு மிரட்டினால், 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் போலீசில் புகார் கொடுக்கலாம்.

காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில், வாரத்துக்கு ஒரு கிலோ பயறோ பருப்போ கூடுதலாக வாங்கி, வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால், ஜீப் போகாத மழை நாளிலும் கோடையிலும் கடன் நோட்டின் பக்கங்கள் குறையும்.