புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் என்பது 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற முழு எழுத்தறிவு இயக்கம் ஆகும். எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்து, ஊரகப் பெண்களிடையே தலைமைப் பண்பை வளர்த்தமையால் இது இந்தியாவின் பிற எழுத்தறிவு இயக்கங்களுள் தனித்து அறியப்படுகிறது.

பின்னணி

இந்திய அரசு 1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தமிழக மாவட்டங்களில் "அறிவொளி" என்ற பெயரில் இயக்கங்கள் உருவாயின. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற தன்னார்வ அமைப்புகளும் இதில் இணைந்து செயற்பட்டன. புதுக்கோட்டையில் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார்.

மிதிவண்டிப் பயிற்சி

சிற்றூர்களுக்கிடையே சென்றுவரப் பெண் தொண்டர்கள் பிறரைச் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. மிதிவண்டி ஓட்டக் கற்றபின் அந்நிலை மாறியது. கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்பித்தனர். பெண்களுக்கான மிதிவண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்கள் ஓட்டும் மிதிவண்டிகளையே வாங்கினர். அவற்றின் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்ல முடிந்தது. தண்ணீர் எடுத்துவரவும், விளைபொருள்களை விற்கவும், வேலைக்குச் செல்லவும் மிதிவண்டி பயன்பட்டது. தொடக்கத்தில் எழுந்த கேலிப் பேச்சுகளையும் பெண்கள் எதிர்கொண்டனர்.

1992 கொண்டாட்டம்

1992 ஆம் ஆண்டின் அனைத்துலக மகளிர் நாளில், கைப்பிடியில் கொடி கட்டிய மிதிவண்டிகளில் மணியொலித்தபடி பெண்கள் புதுக்கோட்டை நகரில் அணிவகுத்தனர். மிதிவண்டித் திறனைக் காட்டும் பொது நிகழ்ச்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். இதன்பின் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகள் வழங்க யுனிசெப் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

தாக்கமும் வரம்பும்

கைநாட்டு வைத்துவந்தோர் மனுக்களில் கையெழுத்திடத் தொடங்கியது இயக்கத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. எனினும் முழு எழுத்தறிவு அறிவிப்பு நிலையான நிறைவைக் குறிக்கவில்லை. கற்றதை மறவாதிருக்கத் தொடர் பயிற்சி தேவைப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியும் மாவட்டப் பெண்களின் எழுத்தறிவு விகிதம் ஏறத்தாழ 69 விழுக்காடாகவே இருந்தது. ஆயினும் வீட்டு வாசலைத் தாண்டித் தனியே பயணம் செய்யவும், பொதுக்கூட்டத்தில் பேசவும், பிறருக்குக் கற்பிக்கவும் பெண்கள் பெற்ற துணிவை எழுத்தறிவு விகிதத்தால் மட்டும் அளவிட இயலாது.

நூல்களில்

பி. சாய்நாத்தின் "எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்" (1996) என்ற ஆங்கில நூலில் இம்மிதிவண்டி இயக்கம் இடம்பெற்றுள்ளது. மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி இம்மாவட்ட இயக்கத்தை ஆராய்ந்து "தி லைட் ஆஃப் நாலெட்ஜ்" (2013) என்ற நூலை எழுதியுள்ளார்.