‘ஹவுஸ் பார்ட்டி’ என்றொரு சொல்

நம் கடத்தூர்ப் பக்கத்து வணிகர் ஒருவர் ‘பார்ட்டி வந்திருக்கிறது’ என்றால், சரக்கு வாங்க வந்த ஆளைக் குறிக்கிறார், விருந்தை அன்று. அச்சொல்லின் பழம்பொருளை நாம் அறியாமலேயே காத்து வருகிறோம். ஆங்கிலத்தில் ‘பார்ட்டி’ முதலில் ஒரு தரப்பினரை, ஒரு குழுவினரையே சுட்டிற்று. ஆகவே ‘ஹவுஸ் பார்ட்டி’ என்பதும் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் சனி முதல் திங்கள் வரை தங்கிச் சென்ற விருந்தினர் குழுவின் பெயரே. இன்றோ இளைஞர் சிலர் நாவில் அது, பெற்றோர் ஊரில் இல்லாத இரவில் மதுப்புட்டியோடு கூடுவதாகச் சுருங்கிவிட்டது.

இடையில் இச்சொல் சமய உடை உடுத்திய கதையைப் பலர் அறியார். பிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லுத்தரன் போதகர், 1918இல் சீனாவின் கூலிங் மலையில் ஒரு வீட்டில் சிலரைத் தங்கவைத்து ஆன்மிக உரையாடல் நடத்தினார். பின்னர் ஆக்ஸ்போர்டு குழு எனப் பெயர்பெற்ற அவர்தம் இயக்கம், 1920களிலும் 1930களிலும் இத்தகைய கூடுகைகளையே ‘ஹவுஸ் பார்ட்டி’ என்றழைத்தது. வழக்கமான மறையுரையும் பாடற்குழுவும் அங்கில்லை. காலையில் மௌனம், பின்பு அவரவர் தம் வீழ்ச்சியைப் பிறரறியச் சொல்லுதல்.

வீட்டில் கூடுவது நமக்குப் புதிதன்று. பிரிஸ்கா, அக்கிலா வீட்டில் கூடிய சபைக்குப் பவுலடியார் வாழ்த்து அனுப்புகிறார். நம் அன்பியங்களும் வீடுகளில்தாமே கூடுகின்றன! நம் தயக்கம் வேறு. ஒருவர் அறிக்கையிடும் பாவத்தில் இன்னொருவர் பெயரும் கலந்திருக்கும். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை காக்கும் மறைவை, கூடம் நிறைய அமர்ந்திருப்போர் காப்பரோ?

ஆயினும் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தது அக்குழுவின் தொடர்பால்தான். இருவரும் மதுவால் சீரழிந்தவர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அச்சந்திப்பில் பிறந்தது. சில ஆண்டுகளில் தாய்க்குழுவைவிட்டுப் பிரிந்தது. அதன் பன்னிரண்டு படிகளுள் ஐந்தாவது, குற்றங்களை இறைவனிடமும் தன்னிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. மற்றொரு மனிதர், அவ்வளவே. கூடம் முழுவதும் அன்று.

1939இல் ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில், வேறெங்கும் வரவேற்பில்லாக் குடிநோயாளருக்கு அருட்சகோதரி இக்னேசியா படுக்கை தந்தார். மறு ஆண்டு, எட்வர்டு டௌலிங் என்ற இயேசு சபைக் குரு, அப்படிகளில் இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளின் சாயல் கண்டு, நியூயார்க்கில் பில்லைத் தேடிச் சென்றார். பில் கத்தோலிக்கர் அல்லர், இறுதிவரை ஆகவுமில்லை. எனினும் தம் நெஞ்சில் கிடந்ததையெல்லாம் அன்றிரவு அக்குருவிடமே இறக்கிவைத்தார்.